ஐந்நூறு யூனிட்டைத் தாண்டாமல் இருக்க என்ன செய்யலாம்?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகி:
எங்கள் வீட்டில் நான்கு மின்விசிறி, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், டிவி ஆகியவை மட்டுமே உள்ளன, ஏசி கிடையாது. ஆயினும் கோடையில் இரண்டு மாதக் கணக்கு 520 யூனிட்டுக்கு வந்துவிடுகிறது. புதிதாக எதையும் வாங்காமல் இதைக் குறைக்க வழி உண்டா? விளக்குகளை அணைத்துப் பார்த்தும் பலனில்லை.

கீழக்கரைக்காரர்:
சகோதரி, விளக்கில் பலன் தெரியாததில் வியப்பில்லை. 9 வாட் எல்இடி விளக்கு தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்திற்கு மூன்று யூனிட்டைத் தொடாது. சாதாரண மின்விசிறியோ சுமார் 75 வாட்; நான்கும் தினமும் 14 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 252 யூனிட், அதாவது உங்கள் கணக்கில் ஏறத்தாழப் பாதி. ஆளில்லாத அறையில் சுழல்வதைத்தான் நாம் யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொன்றையும் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் 36 யூனிட் மிச்சமாகி, நீங்கள் 500-க்குள் வந்துவிடுவீர்கள். மாலையில் கடற்காற்று வீசும் பக்கத்துச் சன்னலையும் அதற்கு எதிர்ச் சன்னலையும் திறந்து வைத்தால் இது சிரமமாகத் தோன்றாது.

500 என்ற எல்லை முக்கியமானது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில், 500-க்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட் 2.25 ரூபாய், தாண்டியவர்களுக்கு அதே யூனிட் 4.50 ரூபாய். விலைகள் பிறகு உயர்ந்தன என்றாலும், ஒரு யூனிட் கூடினால் சலுகை போகும் அமைப்பு அதில் இருந்தது. கணக்கெடுத்துச் சென்ற முப்பதாம் நாளில் நீங்களே மீட்டரைப் பார்த்து, 250-ஐ நெருங்கிவிட்டதா என்று சோதியுங்கள்.

தொண்டி வாசகர்:
மீன் வைக்கும் வீடுகளில் ஃப்ரீசரையும் பார்க்க வேண்டும். கதவின் ரப்பர் தளர்ந்தால் நம் கடற்கரையின் ஈரக்காற்று உள்ளே புகுந்து பனியாகப் படிகிறது. அது தடித்தால் குளிர் பரவாமல் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். எளிதில் உருவிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுவதே நல்லது.

மண்டபத்து வாசகி:
நன்றி ஐயா. பின்னாளில் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட) மின்விசிறி வாங்கினால் பழைய ரெகுலேட்டரிலேயே இணைக்கலாமா?

கீழக்கரைக்காரர்:
கூடாது. அதன் வேகத்தைப் பெரும்பாலும் அதற்குரிய ரிமோட்டில்தான் மாற்ற வேண்டும். ரெகுலேட்டரை நீக்கிவிட்டுச் சுவிட்சிலிருந்து நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். சுமார் 30 வாட்தான் எடுக்கும் என்பதால், அதிக நேரம் சுழலும் படுக்கையறையில் முதலில் மாட்டுங்கள்.