அடியைத் திருப்பு, வேரோடு பிடுங்கு: டென்மார்க் பீங்கானும் புள்ளிக் குதிரையும்

ராயல் கோபன்ஹேகன் பீங்கானை வாங்குமுன் அடியைத் திருப்பிப் பாருங்கள். மூன்று நீல அலைக்கோடுகள் இருக்கும். டென்மார்க்கின் மூன்று நீரிணைகளைக் குறிப்பவை. அலைகளுக்குக் குறுக்கே வெட்டுக்கோடு ஓடினால் இரண்டாம் தரம். ஆலையே போட்ட வெட்டு அது, நகத்துக்குத் தட்டுப்படும். குறை பெரும்பாலும் ஒரு ஊசித்துளையாகத்தான் இருக்கும். அலமாரிக்கு அதுவே போதும், முதல் தர விலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

தயாரித்த வருடத்துக்கு, முத்திரையிலுள்ள ஆங்கிலப் பெயரின் (ROYAL COPENHAGEN) எழுத்துகளைப் பாருங்கள். ஓர் எழுத்தின் மேல் சிறு கோடு இருந்தால் 1935–1949, கீழே இருந்தால் 1950–1964. பதினைந்து எழுத்து, ஆண்டுக்கு ஒன்று: 'எல்' மேல் கோடு 1939, கீழே 1954. ஓ, ஏ, ஈ, என் நான்கும் இருமுறை வரும். முதலிலிருந்து எண்ணாவிட்டால் வருடம் தப்பிவிடும்.

*

மேலே சொன்னதோடு ஒட்டுவேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலங்குப் பொம்மையில் முதலில் உடைவது காது, வால், கால். அந்த இடத்தைப் பல்லால் மெல்லத் தட்டுங்கள்: பீங்கான் சில்லென்று கடினமாக இருக்கும், பிசின் மந்தமாக இருக்கும். சாம்பல் கலந்த அந்த நீலம் மெருகுக்கு அடியில் தீட்டியது. ஏறத்தாழ 1400 டிகிரிச் சூளையைத் தாங்கும் நிறங்கள் கோபால்ட் நீலம்போலச் சிலவே. ஆகவே விரலுக்கு வண்ணம் மேடாகப்பட்டால் பின்னால் பூசியது. சந்தேகப்பட்டதை வெந்நீரில் ஊறவைக்காதீர்கள், ஒட்டு விட்டுவிடும்.

*

பொம்மைக்குப் புள்ளி தூரிகை வேலை. க்னாப்ஸ்ட்ரூப்பர் என்ற டென்மார்க் புள்ளிக் குதிரைக்கு மரபணு வேலை. 1812-இல் க்னாப்ஸ்ட்ரூப்கோர் பண்ணைக்கு வந்த ஃப்ளேபேஹொப்பன் என்ற புள்ளிப் பெட்டைக் குதிரையிலிருந்து தொடங்கும் இனம் இது. புள்ளியைக் கொண்டுவரும் எல்பி மரபணு ஒரு பிரதியும், வெள்ளையை உடல் முழுக்கப் பரப்பும் பேட்டர்ன்-1 மரபணுவும் சேர்ந்தால் சிறுத்தைப் புள்ளி. எல்பி இரண்டு பிரதியானால் புள்ளி அநேகமாக மறைந்து வெள்ளையாகத் தெரியும். பிறவியிலேயே மாலைக்கண்ணும் கூடவே வரும். சிறுத்தைப் புள்ளி இரண்டை இணைத்தால் நான்கில் ஒரு குட்டிக்கு அந்த வாய்ப்பு.

பகலில் பார்வை சரியாக இருப்பதால் விற்கும் இடத்தில் பிடிபடாது. அந்தி சாய்ந்தபின் பழகாத லாயத்துக்குள் நடத்திப் பாருங்கள்; தயங்கி நிற்பது, மருள்வது, முட்டிக்கொள்வதைக் கவனியுங்கள். பிடரியில் 20–30 முடியை வேரோடு பிடுங்கிச் சோதனைக்கு அனுப்புவதே உறுதி. கத்தரித்த முடி உதவாது, சோதனைக்கு வேண்டியது வேர்தான். இனப்பெருக்கத்துக்கு வாங்குகிறவர் அந்த வெள்ளையைத்தான் தேடுவார்: துணை எந்த நிறமானாலும் அதன் குட்டி ஒவ்வொன்றும் எல்பி சுமக்கும்.