பூச்சிமருந்து தெளிப்பாளர் உரிமம்: பெறுவதும் காலாவதியாகாமல் காப்பதும்

புதுத்தெளிப்பாளர் (கேள்வி)

வணக்கம். உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் ஆறு ஆண்டுகளாகப் பூச்சிமருந்து தெளித்து வருகிறேன். இப்போது என் பெயரிலேயே உரிமம் பெற விண்ணப்பித்திருக்கிறேன். எழுத்துத் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரங்களே உள்ளன. மருந்து கலப்பதும் அடிப்பதும் கைக்குப் பழகியவைதாம் என்றாலும், பாடநூலைத் திறந்தால் கணக்குகளும் நச்சுத்தன்மை அட்டவணைகளும் மலைக்க வைக்கின்றன. எதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும்? என்னுடன் பணியாற்றிய ஒருவர் நல்ல மதிப்பெண்ணோடு தேறியும், புதுப்பிக்கும் வேளையில் உரிமத்தை இழந்தார். அந்த நிலை எனக்கு வராமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

நாசில்முனை

பாடநூலைவிட லேபிளையே முதலில் படியுங்கள். தாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் மூன்று மருந்துகளின் லேபிள்களை எடுத்துக்கொண்டு, எந்தப் பயிருக்கு அனுமதி, எந்த அளவு, என்ன கவச உடை, தெளித்தபின் எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே நுழையலாம், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பவற்றைத் தேடி எழுதிப் பாருங்கள். கேள்விகளில் பெரும்பகுதி இவற்றைச் சுற்றியே வரும்.

நச்சுத்தன்மையைக் குறிக்கும் எல்டி 50, அதாவது சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, குறையக் குறைய நஞ்சு கடுமையாகும். பலர் இதைத் தலைகீழாக எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். இந்திய லேபிள்களில் வாய்வழி எல்டி 50 அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் சிவப்பு முக்கோணம், 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. (பச்சையைக் கண்டதும் கையுறையைக் கழற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்நிறம் அனுமதிச் சீட்டு அன்று.)

கணக்கில் அளவீடு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். 100 சதுர மீட்டரில் வெறும் தண்ணீரைத் தெளித்து, செலவானது 5 லிட்டர் என்றால், ஒரு ஹெக்டேருக்கு 500 லிட்டர் ஆகும். லேபிள் ஹெக்டேருக்கு ஒரு லிட்டர் மருந்து என்று சொன்னால், 16 லிட்டர் முதுகுத் தெளிப்பானுக்கு 32 மில்லி. புதிய நாசிலைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகப் பாய்ச்சும் நாசிலை மாற்றிவிட வேண்டும் என்பதும் அடிக்கடி கேட்கப்படுவதே.

வரப்போரம்

புதுப்பித்தலைப் பற்றி நான் சொல்கிறேன். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி சான்றிதழின் காலம் 5 ஆண்டுகளுக்கு மிகாது; ஐரோப்பிய ஒன்றியமும் 2009-ஆம் ஆண்டின் நெறிமுறையால் தொழில்முறைத் தெளிப்பாளர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழையும், தெளிப்புக் கருவிகளுக்குக் காலமுறை ஆய்வையும் கட்டாயமாக்கியது. எண்கள் இடத்துக்கு இடம் வேறுபடுமாதலால், தங்கள் உரிமத்தை வழங்கும் அலுவலகத்தின் விதியே இறுதியானது. ஆயினும் உரிமம் பறிபோகும் காரணங்கள் எங்கும் ஏறத்தாழ ஒன்றே: பயிற்சி நேரத்தைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிப்போடுவது, பயிற்சி பெற்ற பிரிவு உரிமத்தின் பிரிவோடு பொருந்தாதது, பதிவேடு இல்லாதது. பூச்சிக்கொல்லித் தெளிப்புப் பிரிவில் உரிமம் வைத்துக்கொண்டு புகைமூட்டப் (மூடிய இடத்தில் நச்சு வாயுவைச் செலுத்தும்) பயிற்சிக்குப் போனால் அந்த நேரம் கணக்கில் சேராமல் போகலாம்.

பதிவேட்டில் தேதி, இடம், பயிர், மருந்தின் முழுப் பெயர், பதிவெண், மொத்த அளவு, பரப்பு, தெளித்தவர் பெயர் ஆகியவற்றை அன்று மாலையே எழுதிவிடுங்கள். காற்றின் வேகத்தையும் திசையையும் விதி கேட்காவிட்டாலும் எழுதுங்கள். பக்கத்துத் தோட்டத்தின் இலை கருகியதாகப் புகார் வந்தால் துணைக்கு வருவது அந்த ஒரு வரிதான்.

மருத்துவக் கண்

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் நரம்புகளுக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகின்றன. அந்நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், தெளிப்புப் பருவம் தொடங்கும் முன்பே ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்து, தங்களுக்குரிய அடிப்படை அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னர் வரும் முடிவை அதனோடு ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு. கலிஃபோர்னியாவில், தொழிலாளர் ஒருவரின் இரத்தச் சிவப்பணுவிலுள்ள இந்நொதி அடிப்படை அளவில் 70 விழுக்காடாகவோ அதற்குக் கீழோ இறங்கினால் அவரை அவ்வகை மருந்துகள் புழங்கும் வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பது விதி.

புதுத்தெளிப்பாளர்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன். என் நாசில் புதியதைவிடப் பன்னிரண்டு விழுக்காடு கூடுதலாகப் பாய்ச்சுகிறது. இத்தனை நாளும் லேபிள் சொன்னதற்கு மேலாகவே அடித்திருக்கிறேன் என்று தெரிகிறது. இன்னொரு ஐயம்: வேலை செய்யும் நிறுவனத்தை மாற்றினால் உரிமம் செல்லுமா?

வரப்போரம்

உரிமம் தங்கள் பெயரில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் செல்லும்; நிறுவனத்தின் பெயரோடு பிணைந்திருந்தால் செல்லாமல் போகலாம். எதுவாயினும், முகவரியையும் பணியிடத்தையும் மாற்றியதை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பித்தல் அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய், காலம் தவறியவர்களை நான் அறிவேன்.