வயித்தாலை போகுதெண்டு நினைச்சு மருந்து குடுக்க முன்னம்

தாதி, சிறுவர் பிரிவு:
நாலு வயது தாண்டின பிள்ளையின்ரை ஜட்டியிலை அடிக்கடி மலம் கசிஞ்சால் வீட்டிலை சொல்லுறது "வயித்தாலை போகுது". அநேகமா அது மலச்சிக்கல். கட்டியான மலம் அடைச்சு நிக்க, பின்னாலை வாற தண்ணி மலம் ஓரத்தாலை ஒழுகுது. குடல் விரிஞ்சு போனதாலை "வருது" எண்ட உணர்வே பிள்ளைக்குக் குறைவு, அடிச்சுப் பலனில்லை. வயித்தோட்டத்தை நிப்பாட்டுற குளிசை குடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். கிழமைக்கு எத்தினை தரம் போகுது, கக்கூஸ் அடைபடுற அளவு பெரிசாப் போகுதோ, காலைப் பின்னிக்கொண்டு மூலையிலை நிக்கிறதோ எண்டு கேளுங்கோ. மூலையிலை நிக்கிற பிள்ளை முக்குதெண்டு நினைப்பினம். அது அடக்குது.

மருந்தாளர்:
அக்கா சொன்ன அடைப்பை எடுக்காமல் வேற எதுவும் சரிவராது. மலத்தை இளக்கும் மக்ரோகோல் தூள், நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள். 20 கிலோ பிள்ளைக்கு 20–30 கிராம், டொக்டர் சொல்லித்தான். அந்த நாட்களில் ஒழுகல் கூடும்; பலர் பயந்து அங்கேயே நிறுத்துகிறார்கள். பிறகு கிலோவுக்கு 0.4 கிராமில் தொடங்கித் தொடரவேண்டும், அல்லது லக்டுலோஸ் பாணி. குறைந்தது 2 மாதம். தொந்தரவு முழுதாக நின்று ஒரு மாதமாவது போனபின் மெல்ல மெல்லக் குறைக்கலாம். "குடல் பழகிப்போகும்" என்பது அம்மம்மாமாரின் பயம், இந்த மருந்துகளுக்குப் பொருந்தாது. பனங்கிழங்கும் கீரையும் நல்லதுதான், ஆனால் அடைப்பு இருக்கும்போது நாரைக் கூட்டினால் வயிறுதான் ஊதும்.

உளவளத்துணையாளர்:
மருந்தோடு கக்கூஸில் இருத்திப் பழக்கவும் வேண்டும். சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் 5–10 நிமிடம். அப்போதுதான் குடல் தானாக அசையும். கொமட் என்றால் கால் தொங்கக்கூடாது, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி ஒரு சின்னப் பலகை. குந்துற கக்கூஸில் இந்தக் கரைச்சல் இல்லை. பாராட்டு கக்கூஸில் போய் இருந்ததற்கு, சுத்தமான ஜட்டிக்கு அல்ல. ஜட்டியைத் தோய்க்க வைத்துத் தண்டிக்க வேண்டாம்.

பதட்டம், அவதானக் குறைபாடு, எதிர்த்து நிற்றல், படுக்கையில் மூத்திரம் போதல் எல்லாம் இதோடு சேர்ந்து வரும். அவதானக் குறைபாடுள்ள பிள்ளை இரண்டு நிமிடத்தில் எழும்பிவிடும். மணிக்கூட்டில் அலாரம் வையுங்கள். பள்ளிக்கூடக் கக்கூஸுக்குக் கூச்சப்பட்டு அடக்கி, அப்படியே டியூசனுக்கும் போய்விடுகிற பிள்ளைகள்தான் என் கவலை. கை உயர்த்தாமல் எழும்பிப்போக ரீச்சரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், பையில் மாற்றுடுப்பு வையுங்கள். மலச்சிக்கலே இல்லாமல் கசிந்தாலோ, பழகின பிள்ளைக்குத் திடீரெனப் பயத்தோடு தொடங்கினாலோ சிறுவர் மனநல வைத்தியரிடம் காட்டவேண்டும்.

தாதி, சிறுவர் பிரிவு:
ஒண்டு விடுபட்டுப்போச்சு. பிறந்து 48 மணித்தியாலத்துக்குள்ளை முதல் மலம் போகாத பிள்ளை, காலிலை பலவீனம், நிறை குறையிறது: இதுகளை மருந்துக்கடையிலை பாக்காமல் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கொண்டு போங்கோ. வயிறு ஊதிப் பச்சை நிறமாச் சத்தி எடுத்தால் கிளினிக் நாளைப் பாக்காமல் அப்பவே.