தோல் வெட்டுத் துண்டுகளை எரிப்பது சரியா?

ஆம்பூர் வாசகர்:
வணக்கம். எங்கள் தெருவுக்குப் பின்னாலுள்ள காலி மனையில், காலணி தைக்கும் கூடம் ஒன்றின் வெட்டுத் துண்டுகளை மூட்டை மூட்டையாகக் கொட்டி இரவில் எரிக்கிறார்கள். தோல்தானே, புதைத்தால் மட்கிவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். இவற்றை மறுசுழற்சி செய்ய வழி உண்டா?

ராணிப்பேட்டை, டேனரிப் பணியாளர்:
ஐயா, பச்சைத் தோல் மட்கும். மட்கக் கூடாது என்பதற்காகத்தான் அதைப் பதனிடுகிறோம். உப்பிட்டு வரும் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு முடி நீக்கி, அமிலமும் உப்பும் கலந்த நீரில் பக்குவப்படுத்தியபின், டிரம்மில் குரோமியம் சல்பேட்டுடன் சுழற்றும்போது, குரோமியம் தோலின் புரதமான கொலாஜனின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அப்படிக் கிடைக்கும் வெளிர்நீலத் தோல்தான் ‘வெட் ப்ளூ’. ஒரு துண்டின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம் தோல். அதிலுள்ள குரோமியம் மூவிணைதிறன் கொண்டது, அதாவது ஆபத்து குறைந்த வடிவம். திறந்த வெளியில் எரிக்கும்போது அதில் ஒரு பகுதி ஆறிணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். அது புற்றுநோய் விளைவிப்பது, நீரிலும் எளிதில் கரைவது. மழை பெய்தால் அந்தச் சாம்பல் யார் வீட்டுக் கிணற்றுக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாணியம்பாடி, லெதர் போர்டு தொழில்:
வழி உண்டு. தோலைச் சீவிச் சம தடிமனாக்கும் ஷேவிங் இயந்திரத்திலிருந்து வரும் சீவல்களையும் வெட்டுத் துண்டுகளையும் நீருடன் அரைத்துக் கூழாக்கி, ரப்பர் பாலைப் பிணைப்பானாகச் சேர்த்து, நீரை வடித்து அழுத்தி உலர்த்தினால் லெதர் போர்டு கிடைக்கும். காலணியின் இன்சோலுக்கும் (உள் அடித்தட்டு) ஹீலுக்கும் அது போகிறது. ஆனால் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு ஏறிய துண்டுகள் எளிதில் கூழாவதில்லை; ரெக்சினும் நூலும் கலந்த மூட்டையை எங்களைப் போன்றவர்கள் வாங்கத் தயங்குவதற்கு அதுவே காரணம். தைக்கும் கூடத்திலேயே பிரித்து வைத்தால்தான் விலை போகும். போர்டாக மாறிய பிறகும் குரோமியம் அதிலேயே இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பழைய இன்சோலையும் எரிக்கலாகாது.

பேரணாம்பட்டு வாசகர்:
ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டால் இந்தத் தொல்லையே இராதே?

ராணிப்பேட்டை, டேனரிப் பணியாளர்:
குரோமியத் தொல்லை இராது, உண்மைதான். ஆனால் குரோம் முறையில் பதனிடும் கட்டம் ஒரு நாளில் முடிகிறது. பட்டை முறைக்கு வாரக்கணக்கில் ஆகும், ஷூவின் மேல்தோலுக்கு வேண்டிய மென்மையும் அதில் எளிதில் வராது. ஆம்பூர் ஐயா, எரிப்பதைப் படம் எடுத்து, தேதியுடன் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அந்தக் கூடத்தாரிடம், பிரித்து வைத்தால் வாங்க ஆள் உண்டு என்பதையும் தெரிவியுங்கள்.