ஐடிலிங் இறங்காத சேட்டக்

சேலம்

எங்கள் வீட்டில் இருப்பது 1986ஆம் வருடத்து பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டர், டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து அப்பா வாங்கியது. அவர் காலமான பிறகு ஆறு வருடம் திண்ணை ஓரமாகச் சாக்கு போர்த்தி நின்றது. போன வருடம்தான் எனக்கு மனம் வந்து வெளியே எடுத்தேன்.

டேங்க்கைக் கழுவி, பெட்ரோல் குழாயையும் பொறி கொடுக்கும் பிளக்கையும் மாற்றி, அப்பா செய்வதுபோலவே இடப்பக்கம் ஒரு முறை சாய்த்து நிமிர்த்தி உதைத்தேன். நாலாவது உதையில் எடுத்துக்கொண்டது. அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார்.

பிரச்சினை வண்டி சூடான பிறகுதான் தெரிந்தது. ஆக்சிலேட்டரை முழுதாக விட்டாலும் சத்தம் இறங்காது. சிக்னலில் நியூட்ரலில் நின்றால் தானாகவே ஏறிக்கொண்டு போகும். முதலில் பார்த்த கடையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தார்கள். அடுத்த கடையில் கேபிளை மாற்றி, ஐடிலிங் (ஆக்சிலேட்டரை விட்ட பிறகு எஞ்சின் மெதுவாக ஓடும் வேகம்) ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தி அனுப்பினார்கள். அதன் பிறகு காலையில் ஐடிலிங்கில் நிற்கவே நிற்காது, மதியம் அலறும். இன்னொருவர் கார்புரேட்டரையே புதிதாக வாங்கச் சொன்னார், வாங்கினேன். ஒரு மாற்றமும் இல்லை.

அந்த நிலையில் ஏற்காடு ஏறியிருக்கக் கூடாது. பாதி மலை தாண்டி, இரண்டாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டது, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிட்டது. பின்சக்கரம் சறுக்கியது. கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டினேன். அரை மணி நேரம் ஆறிய பிறகு கிக்கர் இறங்கியது. மெதுவாகத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருடம் ஸ்கூட்டர் மட்டுமே பார்த்தவர், இப்போது பட்டறை வைத்திருக்கவில்லை. அவரிடம் போய்ச் சொன்னேன். வண்டியைப் பார்க்கக்கூட வரவில்லை. "பிளக்கை மட்டும் கழட்டிட்டு வாங்க தம்பி" என்றார். கொண்டுபோய்க் காட்டினேன். சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளையாக இருந்தது.

"கார்புரேட்டர்ல இனி கை வைக்காதீங்க. காத்து எங்கேயோ உள்ளே போகுது. ஃபேனைக் கழட்டிப் பாருங்க."

இதை அவர் எனக்கு விளக்கிய விதத்தை அப்படியே சொல்ல வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் கேஸ், அதாவது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் பெட்டி, வெறும் ஆயில் தொட்டி மாதிரி. டூ ஸ்ட்ரோக்கில் அதுவே பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைக் கிராங்க் கேஸுக்குள் இழுக்கிறது, கீழே வரும்போது அதை அமுக்கி சிலிண்டருக்குத் தள்ளுகிறது. கிராங்கின் ஒரு முனை மேக்னட் (ஃபேனோடு சேர்ந்து சுற்றி, பொறிக்கு மின்சாரம் தரும் சக்கரம்) பக்கம் வெளியே வருகிறது. அங்கே இருக்கும் ரப்பர் ஆயில் சீல் காய்ந்து வெடித்துவிட்டால், கார்புரேட்டர் கொடுக்காத காற்று அந்த வழியாக உள்ளே போகும். கலவை மெலியும். மெலிந்த கலவை சூடாக எரியும், சத்தம் இறங்காது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்குப் போகும் ஆயிலும் குறைகிறது. நான் மலையில் நின்றது அதனால்தான்.

சீல் மாற்றும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டு வாசலில் செய்தேன். ஃபேன் கவரைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, மேக்னட்டை எடுக்க வேண்டும். இதற்குப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) கட்டாயம். சுத்தியலால் தட்டினால் ஃபேன் இறக்கை உடையும், கிராங்க் கோணும். அடுத்து, மேக்னட்டுக்குள் காயில்கள் பொருத்தியிருக்கும் ஸ்டேட்டர் பிளேட். அதைக் கழற்றும் முன் பிளேட்டுக்கும் எஞ்சின் பாடிக்கும் சேர்த்து ஊசியால் ஒரு கோடு கீறி வைத்தேன். மாட்டும்போது கோட்டோடு கோடு சேர்த்தால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், மாறாது. உள்ளே இருந்த சீல் பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருந்தது, விரலால் அமுக்கினால் பொடியாகக் கொட்டியது. முப்பது வருடத்துக்கு மேல் ஆன ரப்பர், அது பாவம். புதிய சீலின் உதட்டில் ஆயில் தடவி, கோணாமல் நேராக அழுத்தி உட்கார வைத்தேன். சீலின் விலை நூறு ரூபாய்கூட இல்லை.

பிடித்துக்கொண்ட எஞ்சின் என்பதால் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டனின் அலுமினியம் சுவரில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மெல்லிய எமரி தாளால் எடுத்தேன். லேத் பட்டறையில் அளந்து பார்த்து, 57 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) இன்னும் தாங்கும், ரிங் மட்டும் போதும் என்றார்கள். பிஸ்டனில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும்.

மாட்டி முடித்து உதைத்ததும் எடுத்து, உடனே நின்றுவிட்டது. வயிறு கலங்கியது. அப்புறம்தான் புரிந்தது, முன்பு செய்த அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் அந்த ஓட்டையை வைத்துச் செய்தவை. கார்புரேட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை மெல்ல முழுக்க உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். வண்டியைச் சூடாக்கிய பிறகு ஐடிலிங்கை வைத்தேன். டுக் டுக் என்று நின்றது. நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைப் பார்த்தால் நல்ல காபிக் கொட்டை நிறம்.

கிளட்ச் பக்கமும் ஒரு சீல் உண்டு. அது போனால் அறிகுறி வேறு: கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு எரியும், வெள்ளைப் புகை நிற்காது, கியர் பாக்ஸில் ஆயில் குறையும். அதை மாற்ற எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். அதை நான் வீட்டில் செய்ததில்லை.

•

திருநெல்வேலி

சேலத்துச் சேட்டக் பதிவைப் படித்தேன். எங்கள் வண்டி விஜய் சூப்பர் ஸ்கூட்டர், 1979. லாம்பிரெட்டாவின் இயந்திரங்களை இத்தாலியிலிருந்து வாங்கி லக்னோவில் தயாரித்தார்களே, அது. அப்பா வேலை செய்யும்போது டார்ச் பிடித்து நின்றே கற்றுக்கொண்டேன். இப்போது வேலை என்னுடையது, டார்ச் அப்பாவிடம்.

என் அனுபவத்திலும் பழி கார்புரேட்டர் மேல்தான் விழுந்தது. ஆனால் எனக்கு நேர்மாறான நோய். பாளையங்கோட்டை தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் வண்டி நின்றுவிடும். இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல எடுக்கும். பெட்ரோல் அடைப்பு என்று மூன்று பேர் சொன்னார்கள். ஒரு நாள் நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்றி, ஹெட்டில் ஒட்டவைத்து உதைத்துப் பார்த்தேன். காலையில் நீலமாகத் தெறித்த பொறி அப்போது மஞ்சளாக, மெலிதாக வந்தது. பெட்ரோலில் கோளாறு இல்லை.

மேக்னட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால், திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பிளாட்டினம் முனைகளில் ஒரு பக்கம் குழி, மறு பக்கம் மேடு. அந்த முனைகள் தீயாமல் காக்கும் கண்டன்சர் போய்விட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கண்டன்சரையும் பிளாட்டினத்தையும் மாற்றி, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி 0.4 மி.மீ. விட்டேன். புதிய கண்டன்சரை மேக்னட்டுக்குள் வைக்காமல் ஒயரை நீட்டி வெளியே, சூடு படாத இடத்தில் பொருத்தினேன். இந்த மே மாத வெயிலிலும் ஒரு முறைகூட நிற்கவில்லை.

•

சேலம்

மேக்னட்டைக் கழற்றியபோது என் கண்டன்சரையும் பார்த்திருக்க வேண்டும். அடுத்த முறை செய்கிறேன்.

பெட்ரோல் பற்றி ஒன்று. இப்போது பங்கில் கிடைப்பதில் எத்தனால் 20 சதவீதம். பழைய ரப்பர் குழாயும் வாஷரும் அதில் ஊறி உப்புகின்றன, நின்ற வண்டியின் டேங்க்கில் ஈரம் சேருகிறது. அதனால் இரண்டு நாளுக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். ஆயில் லிட்டருக்கு 20 மில்லி, அப்பா வைத்திருந்த அதே அளவுக் குடுவையில். மலை இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடியே வைக்காமல் அவ்வப்போது கொஞ்சம் திறந்துவிடுகிறேன், அப்போதுதான் ஆயில் உள்ளே போகும்.

போன வாரம் மறுபடி ஏற்காடு போனேன், அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து. நின்றுபோன அந்த வளைவில் நிறுத்தி, ஐடிலிங்கில் விட்டுவிட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம். "உங்கப்பா வெச்சிருந்த சத்தம்" என்றார் அம்மா.