கொச்சியில் இரண்டு நாள்: வயதான பெற்றோருடன் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கொங்குவாசி:
நண்பர்களுக்கு வணக்கம். ஜனவரி இறுதியில், எழுபது வயதைக் கடந்த என் பெற்றோரை அழைத்துக்கொண்டு கோவையிலிருந்து ரயிலில் கொச்சிக்குச் சென்றுவர எண்ணியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை முற்பகல் எர்ணாகுளம் சேர்ந்து, சனிக்கிழமை இரவு ரயிலேறுவதாக உத்தேசம். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மட்டாஞ்சேரி அரண்மனையையும் அங்குள்ள யூத ஜெப ஆலயத்தையும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படிகள்தான் சிரமம். ஆலப்புழைப் படகுவீட்டையும், முடிந்தால் மூணாறையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. இது சாத்தியமா? தங்குவதற்கு எர்ணாகுளம் வசதியா, ஃபோர்ட் கொச்சி வசதியா?

காயலோரம்:
ஐயா, முதலில் கிழமையை மாற்றுங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் அன்று ஜெப ஆலயம் திறக்காது; வெள்ளிக்கிழமையும் அதை நம்பிப் போக முடியாது. உங்கள் திட்டப்படி சென்றால், உங்கள் அப்பா எவற்றுக்காக வருகிறாரோ அவற்றில் ஒன்றையாவது பூட்டிய கதவோடு பார்த்துத் திரும்ப நேரிடும். ஞாயிறு முற்பகல் வந்து திங்கள் இரவு திரும்புவதே உங்களுக்குப் பொருத்தம்.

மூணாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மலைப்பாதையில் போக மட்டுமே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆலப்புழை அருகில்தான், ஆனால் படகுவீட்டுக்கென்று ஒரு நாளை முழுதாக ஒதுக்காவிட்டால் அதில் பயனில்லை. இரண்டையும் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே அரண்மனைக்குப் போய்விடுங்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த மாளிகை அது. பின்னாளில் டச்சுக்காரர்கள் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைத்துவிட்டது. அரசரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் கதை முழுவதும் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. காவியும் பச்சையும் மஞ்சளும் கலந்து, விரற்கடை இடம்கூட வெறுமையாக விடாமல் உருவங்களை நெருக்கியடித்து வரைந்திருக்கிறார்கள் என்பதால், ஒரு சுவரின் முன் நின்று ஒவ்வொரு காட்சியாக அடையாளம் கண்டுகொண்டே போக வேண்டும். அவசரப்பட்டால் வெறும் நிறங்கள்தான் கண்ணில் நிற்கும். படம் எடுக்க அனுமதியில்லை, அதுவும் ஒருவகையில் நல்லதே. காட்சிக்கூடம் மாடியில் இருப்பதால் அம்மா ஒருமுறை மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கும்.

அங்கிருந்து ஜெப ஆலயம் சில நிமிட நடைதான். மதியம் ஒரு மணிக்கு மூடி மூன்று மணிக்குத்தான் மீண்டும் திறப்பார்கள் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். 1568இல் கட்டப்பட்ட கோயில் அது. தரையில் பதித்திருக்கும் நீலவண்ணச் சீன ஓடுகள் கையால் வரையப்பட்டவை. ஒன்றைப் போல் மற்றொன்று இராது. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு, பழைய எழுத்து முறையான வட்டெழுத்தில் பொறித்து வழங்கிய செப்பேடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த சமூகம் இது என்பதை அப்பா அறிந்திருப்பார். அறிந்தவர் அந்த மண்டபத்தில் நிற்பது தனி அனுபவம்.

அழிமுகம்:
தங்குவதற்கு ஃபோர்ட் கொச்சிதான் சரி. எர்ணாகுளத்தில் தங்கினால் மட்டாஞ்சேரிக்குப் போய்வரப் பாலங்களின் நெரிசலில் அன்றாடம் நேரம் கரையும். ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் உயர்நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள வாட்டர் மெட்ரோ என்னும் நகரப் படகுச் சேவையின் துறைக்குப் போய், அங்கிருந்து படகில் ஃபோர்ட் கொச்சிக்குக் கடந்துவிடுங்கள். ஏறும் மேடையும் நீரில் மிதப்பதால், கடல்நீர் ஏறினாலும் வடிந்தாலும் படகின் தளத்தோடு மட்டமாகவே இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை நீளும் என்பதால் கூடிய வரையில் முன்னதாகவே போய்விடுவது நல்லது.

மாலை வெயில் தாழ்ந்ததும், ஃபோர்ட் கொச்சிக் கரையில் நிறுத்தியிருக்கும் பெரிய மீன்பிடி வலைகளான சீனவலைகளைப் பாருங்கள். பெரும்பாலும் கரையிலிருந்து படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். வலை இறங்கி ஏறும் ஒரு சுற்றையாவது முழுமையாகப் பார்க்க வேண்டும். கயிறுகளில் கோத்துத் தொங்கவிட்ட பெரிய கற்கள்தான் வலைக்கு எதிர்ப்பாரம். நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்கும்போது கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே வந்தமர, அந்தப் பிரம்மாண்டமான சட்டம் நீரிலிருந்து எழும்பும்.

புனித பிரான்சிஸ் தேவாலயத்தை ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் பார்க்க இயலாது. திங்கள் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் இங்கேதான் புதைத்தார்கள். எலும்புகளைப் பின்னர் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டாலும், கல்லறை இருந்த இடம் இன்றும் அடையாளமிடப்பட்டிருக்கிறது. கயிறு கட்டி வெளியிலிருந்து இழுத்து வீசிய பழைய துணி விசிறிகள் கூரையிலிருந்து இன்னமும் தொங்குகின்றன.

கொங்குவாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறு, திங்கள் என்று மாற்றிவிட்டேன். அம்மா சைவம் மட்டுமே உண்பவர். மட்டாஞ்சேரியில் மதிய உணவுக்குச் சிரமப்பட வேண்டியிருக்குமா?

காயலோரம்:
சிரமமே இராது. மட்டாஞ்சேரியில் குஜராத்திகள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். குஜராத்தி சாலை என்றே ஒரு தெரு இருக்கிறது. அங்கு சைவ உணவகங்கள் உண்டு.

அழிமுகம்:
இன்னும் ஓர் இடம். ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பெயருள்ள மைதானத்துக்கு அருகே உள்ள சலவைக்கூடத்தை எந்த ஆட்டோக்காரரிடமும் 'தோபி கானா' என்று கேளுங்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே அந்தத் தொழிலைச் செய்கிறார்கள். உலர்த்தும் கொடியில் கவ்விகள் கிடையாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள், காற்றுக்கு அசைவதில்லை. வேலை செய்பவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். அவர்கள் தமிழில் பேசுவார்கள். அப்பாவுக்குக் கேட்க நிறைய இருக்கும், ஆகவே அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.