புதுப்பிப்பு: பெல்லட் நீரிணையைத் தாண்டிவிட்டோம்

கனடாவின் ஆர்க்டிக் பகுதியில், பெல்லட் நீரிணையின் கிழக்கு வாயிலில் உள்ள பழைய வணிக நிலையமான ஃபோர்ட் ராஸில், ஐஸ் விலகுமா என்று காத்துக் கிடப்பதாகப் போன வாரம் எழுதியிருந்தேன். சரி, விலகியது.

ஐஸ் வரைபடத்தில் நீரிணையின் மேற்கு வாசலில் கடல் பரப்பில் பத்தில் ஏழு பங்கு ஐஸ் என்றிருந்தது மூன்றாகக் குறைந்ததும் கிளம்பினோம். எங்கள் 12 மீட்டர் அலுமினியப் படகுக்கு அதற்கு மேல் ஆகாது. நீரிணை சுமார் 25 கி.மீ.தான். ஆனால் நீரோட்டம் 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வரை போகும். எங்கள் எஞ்சின் தருவது 6. ஓட்டம் திரும்பும் நேரம் பார்த்து நுழையாவிட்டால் தொலைந்தோம். கிழக்கு முனையில் படகுகளுக்கு ஆபத்தான மேக்பை பாறை வேறு. முகப்பில் இருவர் நீளக் கழியோடு நின்று ஐஸ் துண்டுகளைத் தள்ளிக்கொண்டே வந்தோம். ஒன்று மட்டும் சுக்கானை உரசியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இடது கரையில் ஜெனித் முனை, வட அமெரிக்கப் பெருநிலத்தின் வடகோடி. பார்க்க வெறும் மொட்டைப் பாறை.

'குளிர்காலத்தை அங்கேயே கழியுங்கள்' என்று கேலி செய்த நண்பருக்கு: 1903 முதல் இரண்டு குளிர்காலம் நார்வே துருவப் பயணி அமுன்ட்சென் தங்கிய யோவா ஹேவன் என்ற ஊருக்குத்தான் அடுத்துப் போகிறோம். டீசல் போட மட்டும்.